நூலகத் தரைத்தளத்தில் படிப்புக்கூடம்: மேசை நாற்காலிக்கு முன்னால் யாரிடம் பேசுவது?

தரைத்தளம் | 7 ஜூலை 2025, காலை 10:40

மாநிலப் பல்கலைக்கழக நூலகம், மூன்று தளம். தரைத்தளம் முழுக்க இப்போது பைண்டிங் செய்த பழைய இதழ்கள். அவற்றை இரண்டாம் மாடிக்கு ஏற்றிவிட்டு, 100 பேர் மடிக்கணினியோடு உட்கார்ந்து படிக்கவும் குழுவாகப் பேசவும் கூடம் அமைக்க ஒப்புதல் வந்துவிட்டது. குழுவில் 11 பேர். இரண்டு கூட்டம் முடிந்தது, இரண்டிலும் பேசியது நாற்காலித் துணியின் நிறம். நல்ல மேசை நாற்காலிப் பட்டியல் யாரிடமாவது இருந்தால் கொடுங்கள். மின்சாரம், வைஃபை, பாதுகாப்பு எல்லாம் "அந்தந்தப் பிரிவு பார்த்துக்கொள்ளும்" என்று தீர்மானத்தில் எழுதியாயிற்று.

ரேக்கு ராசா | 7 ஜூலை 2025, பகல் 12:05

சார், நாற்காலியைக் கடைசியில் வாங்கலாம். அந்தக் கடைசி வாக்கியம்தான் கவலை. "பார்த்துக்கொள்ளும்" என்றால் யாரும் பார்க்கமாட்டார்கள் என்று அர்த்தம். படிப்புக்கூடத்தில் வரும் புகார்களில் பெரும்பகுதி நூலகத்தின் கையிலேயே இல்லாதவை. பிளக் வேலை செய்யவில்லை (பொறியியல் பிரிவு), நெட் வரவில்லை (கணினி மையம்), இதழ் திறக்கவில்லை (கணினி மையம், சேர்க்கைப் பிரிவு இரண்டும்), எட்டு மணிக்கே பூட்டிவிட்டார்கள் (பாதுகாப்பு, விடுதி). மாணவர் திட்டுவது மட்டும் நூலகரை.

கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகம் 1999-இல் இப்படி ஒரு கூடம் திறந்தபோது நூலகம், கணினிச் சேவை, கற்றல் உதவிப் பிரிவு ஆகியவற்றைச் சேர்த்துத்தான் திறந்தது. மேசையை யார் வேண்டுமானாலும் பார்த்து வாங்கிவிடலாம். பொறுப்பைப் பிரித்துக்கொண்டதைத்தான் அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும்.

11 பேர் குழுவை அப்படியே விட்டுவிடுங்கள், அது தேநீருக்கு. வேலைக்கு நான்கு பேர் போதும்: உதவி நூலகர், கணினி மையத்தில் ஃபயர்வாலில் (இணையப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) கைவைக்கும் ஆள் (இயக்குநர் வேண்டாம்), மின் பிரிவு இளநிலைப் பொறியாளர், மாணவர் பதிவேடு பராமரிக்கும் கண்காணிப்பாளர். ஒரே பக்கத் தாளில் எழுதுங்கள்: எந்தப் புகார் யாருக்கு, எத்தனை மணி நேரத்துக்குள், அவர் விடுப்பு என்றால் அடுத்தது யார். பதிவாளர் கையெழுத்து வாங்கி, முகப்பு மேசைக் கண்ணாடிக்கு அடியில் வையுங்கள்.

ஃபேஸ் டெஸ்டர் | 7 ஜூலை 2025, இரவு 9:18

மின்சாரத்துக்கு வர்றேன்.

மடிக்கணினி சார்ஜர் ஒண்ணு 65 வாட். 100 இருக்கைன்னா 6.5 கிலோவாட், 230 வோல்ட்ல சுமார் 28 ஆம்பியர். மூணு ஃபேஸ்லயும் பிரிச்சுப் போடணும். நூலகத்துல ஏற்கெனவே இருக்கிற விளக்கு, ஃபேன் சர்க்யூட்ல இருந்து இழுத்தா மதியத்துக்குள்ள டிரிப் ஆகும். ஒரு சர்க்யூட்டுக்கு 10 பாயின்ட் அல்லது 800 வாட்டுக்கு மேல போகாதீங்க. அப்போ 10 சர்க்யூட் வரும். இதுக்குத் தனி டி.பி. பெட்டி (மின்சாரத்தை சர்க்யூட்டுகளுக்குப் பிரிச்சு விடற பெட்டி), சாவி நூலகத்துல ஒண்ணு, மின் பிரிவுல ஒண்ணு.

தரையில பதிக்கிற பாப்-அப் பெட்டி படத்துல அழகா இருக்கும். நம்ம ஊர்ல தரையை வாளித் தண்ணி ஊத்தித் துடைப்பாங்க. ஆறு மாசத்துல உள்ளே துரு. மேசை நடுமுதுகுல சாக்கெட் வைங்க, இல்லைன்னா சுவர்ல தரைக்கு 30 செ.மீ. மேல.

யு.பி.எஸ்.ல மாணவர் சாக்கெட்டை இணைக்காதீங்க. நெட்வொர்க் சுவிட்ச், வைஃபை, கவுன்டர் கணினி இதுக்கு மட்டும். மடிக்கணினியில பேட்டரி இருக்கே.

கொள்முதல் குமாஸ்தா | 8 ஜூலை 2025, காலை 11:02

மொத்தத்துக்கும் ஒரே 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் கருவி) போட்டால் பாதுகாப்பும் ஆச்சு, செலவும் மிச்சம். 10 சர்க்யூட்டுக்கும் தனித்தனியாக வேண்டாமே?

ஃபேஸ் டெஸ்டர் | 8 ஜூலை 2025, மாலை 6:44

வேண்டும். சார்ஜருக்குள்ள இருக்கிற இரைச்சல் வடிகட்டி எர்த்துக்குக் கொஞ்சம் கசிய விடும். ஒண்ணுக்கு அரை மில்லியாம்பியர்னு வச்சுக்கங்க. அது கோளாறு இல்ல, இயல்பு. 30 மி.ஆ. கருவி 15-லயிருந்தே டிரிப் ஆகலாம், விதி அனுமதிக்குது. அப்போ 30 பேர் சொருகினாலே கூடம் முழுக்க இருட்டு. எலக்ட்ரீசியன் வந்து ஒவ்வொண்ணாப் பிடுங்கிப் பார்ப்பார், எதுலயும் பழுது இருக்காது. கடைசியில எரிச்சல்ல ஆர்.சி.சி.பி.யையே பைபாஸ் பண்ணிடுவாங்க, அதுதான் ஆபத்து. சர்க்யூட்டுக்கு ஒரு ஆர்.சி.பி.ஓ. (கசிவுக்கும் மிகைச்சுமைக்கும் அணைக்கிற சுவிட்ச்) போட்டா 10 சார்ஜருக்கு 5 மி.ஆ.தான், டிரிப் ஆகாது. ஆனா பத்துப் பேர் இடம் அணைஞ்சா மத்த தொண்ணூறு பேருக்குத் தெரியவே கூடாது, அந்த மாதிரி வயரிங் இருக்கணும்.

மூன்றாவது ஆக்டெட் | 10 ஜூலை 2025, இரவு 11:51

கணினி மையத்துக்காரன் பேசறேன், திட்டறவங்க வரிசையில நிக்கலாம்.

வைஃபை "வரலை"ன்னு சொல்றதுல மூணு வெவ்வேறு வியாதி இருக்கு. முதலாவது, கருவிகளுக்குக் கொடுக்கிற ஐ.பி. முகவரி தீர்ந்துபோறது. நூலகத்துக்கு ஒரு /24 தொகுதி கொடுத்திருப்பாங்க, அதுல 254 முகவரி. ஆளுக்குப் போன் ஒண்ணு, மடிக்கணினி ஒண்ணு. டி.எச்.சி.பி. லீஸ் (ஒரு கருவிக்கு முகவரியை ஒதுக்கி வைக்கிற காலம்) 8 நாள்னு இயல்புநிலையிலேயே விட்டிருந்தா, திங்கள்கிழமை வந்துட்டுப் போனவன் முகவரி அடுத்த வாரம் வரைக்கும் பூட்டியே கிடக்கும். சிக்னல் முழுசா காட்டும், எதுவும் திறக்காது. /22 ஆக்குங்க (1022 முகவரி), லீஸ் 2 மணி நேரம். காசு செலவில்லாத மருந்து.

ரெண்டாவது இரும்பு ரேக்கு. அது அலையை விழுங்கும். ஆக்சஸ் பாயின்ட்டை (வைஃபை பெட்டி) ரேக்குக்கு மேல வைக்காம நடைபாதைக்கு நேர் மேல வைங்க. 100 இருக்கைக்கு நாலு வேணும். 2.4 கிகாஹெர்ட்ஸ்ல ஒண்ணோட ஒண்ணு மோதாத சேனல் மூணே மூணு (1, 6, 11), அதனால நாலுல ரெண்டுல 2.4-ஐ அணைச்சுட்டு 5-ஐ மட்டும் விடுங்க.

மூணாவது இதழ்ப் பிரச்சினை. அதைத் தனியா எழுதறேன், நீளம்.

மூன்றாவது ஆக்டெட் | 12 ஜூலை 2025, மாலை 4:30

இப்போ அந்த நீளம்.

"ஒரே நாடு ஒரே சந்தா" திட்டம் 2025 ஜனவரியில தொடங்கினதுல இருந்து அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு 30 பதிப்பகங்களோட சுமார் 13,000 இதழ் கிடைக்குது. பணம் கட்டறது மத்திய அரசு, ஒருங்கிணைக்கிறது காந்திநகர்ல இருக்கிற நூலக வலையமைப்பு மையமான இன்ஃப்லிப்நெட். ஆனா பதிப்பகத்துக்கு நம்ம பல்கலைக்கழகம்னா என்ன? ஒரு பொது ஐ.பி. முகவரி, அவ்வளவுதான். அந்த முகவரியில இருந்து வந்தா கதவு திறக்கும்.

எப்படிக் கெடும்னா, வளாகத்துல ரெண்டு இணைப்பு இருக்கும். ஒண்ணு என்.கே.என். (கல்வி நிறுவனங்களுக்கான அரசு இணைப்பு), இன்னொண்ணு தனியார் பிராட்பேண்ட். ஃபயர்வால் சுமையைப் பகிர்றதுக்காக ரெண்டுலயும் மாத்தி மாத்தி அனுப்பும். பதிவு செஞ்ச ஐ.பி. வழியா போனா கட்டுரை திறக்கும், மத்ததுல போனா "வாங்கு, 40 டாலர்"னு கேக்கும். மாணவன் ரெஃப்ரெஷ் பண்ணா வரும், மறுபடி போகும். நூலகர் பதிப்பகத்துக்கு எழுதுவார், அவங்க சோதிச்சு "எங்க பக்கம் சரியா இருக்கு"ம்பாங்க. அவங்க சொல்றதும் உண்மைதான்.

சரிபண்ற வழி: ஒவ்வொரு கட்டடத்துலயும், ஒவ்வொரு விடுதியிலயும் போய் "என் ஐ.பி. என்ன"ன்னு தேடி எழுதுங்க. காலையில ஒருவாட்டி, சாயங்காலம் ஒருவாட்டி. பட்டியலை இன்ஃப்லிப்நெட்ல பதிவான முகவரிகளோட ஒப்பிடுங்க. வேறுபட்டா, நிலையான முகவரியா இருந்தா அதையும் பதிவு செய்யச் சொல்லுங்க. மாறிக்கிட்டே இருக்கிற முகவரின்னா, பதிப்பக டொமைன்களை மட்டும் நிலையான இணைப்பு வழியா அனுப்ப ஃபயர்வால்ல விதி எழுதணும். அரை மணி நேர வேலை. இணைப்பு ஒப்பந்தம் மாறும்போது நூலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போகணும்னு அந்த ஒரு பக்கத் தாள்ல சேருங்க. நாங்களா சொல்லமாட்டோம், மறந்துடுவோம்.

ரேக்கு ராசா | 12 ஜூலை 2025, மாலை 5:15

வாக்குமூலமே வந்துவிட்டது. பிரதி எடுத்து வைத்துக்கொள்கிறேன்.

பதிவேடு மேடம் | 15 ஜூலை 2025, காலை 9:33

வளாகத்துக்கு வெளியிலிருந்து படிக்க இன்ஃபெட் (இன்ஃப்லிப்நெட்டின் உள்நுழைவுச் சேவை) இருக்கிறது, பல்கலைக்கழக அடையாளத்தோடு உள்நுழையலாம். அதற்குப் பயனர் பட்டியல் வேண்டும். அது சேர்க்கைப் பிரிவிலிருந்து எக்செல் கோப்பாக வருகிறது. பாதிச் சிக்கல் அந்தக் கோப்பிலேயே பிறக்கிறது.

12 இலக்கப் பதிவெண்ணை எக்செல் 9.21E+11 என்று சுருக்கிவிடும். அப்படியே சி.எஸ்.வி.யாகச் சேமித்தால் கடைசி இலக்கங்கள் போயே போச்சு, திரும்ப வராது. திறக்கும் முன்பே அந்த நெடுவரிசையை "டெக்ஸ்ட்" ஆக்குங்கள். 0-வில் தொடங்கும் எண்ணுக்கும் இதே கதி. தேதியை 2025-07-01 பாணியில் மட்டும் கேளுங்கள். 01/07/2025 என்றால் ஒரு கணினிக்கு ஜூலை, இன்னொன்றுக்கு ஜனவரி.

நூலக மென்பொருளான கோஹாவில் ஏற்றும்போது கார்டு எண்ணை வைத்துப் பொருத்துங்கள், பெயரை வைத்து வேண்டாம். காலாவதித் தேதி படிப்பு முடியும் மாதத்துக்கு ஒரு மாதம் பிந்தி இருக்கட்டும், நிலுவையின்மைச் சான்று வாங்கும் வரை கணக்கு உயிரோடு இருக்க வேண்டும். அதே தேதியை இன்ஃபெட் கணக்குக்கும் வையுங்கள். இல்லையென்றால் படிப்பை முடித்துப் போனவர் கடவுச்சொல் மூன்று வருடம் கழித்தும் எங்கோ ஓடிக்கொண்டிருக்கும்.

பட்டியல் வருடத்துக்கு ஒருமுறை போதாது. ஆய்வாளர்கள் சேர்க்கை ஜனவரியிலும் நடக்கிறது, பக்கவழிச் சேர்க்கை ஆகஸ்டில். மாதம் முதல் திங்கட்கிழமை, மாறியவர்கள் மட்டும்.

மூன்றாவது ஆக்டெட் | 15 ஜூலை 2025, இரவு 10:20

மேடம் சொன்ன "எங்கோ ஓடிக்கொண்டிருக்கும்" பற்றி ஒரு சேர்ப்பு. யாராவது மென்பொருள் வச்சு ஒரு இதழோட எல்லாக் கட்டுரையையும் உருவினா, பதிப்பகம் அந்த ஐ.பி.யை முடக்கும். நாட் (எல்லாக் கருவியும் ஒரே பொது முகவரியில வெளியே போற ஏற்பாடு) இருக்கிறதால மொத்த வளாகத்துக்கும் ஒரே ஐ.பி., எல்லாருக்கும் கதவு சாத்தும். ஆளைக் கண்டுபிடிச்சு நிறுத்தினோம்னு பதில் எழுதினாத்தான் திறப்பாங்க. அதுக்கு எந்த உள்முகவரி எந்த போர்ட்ல எப்போ போச்சுங்கிற நாட் பதிவு வேணும். பதிவுகளை 180 நாள் வைக்கணும்னு மத்திய அரசோட கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022-லயே சொல்லியாச்சு.

பதிப்பகம் அனுப்பற நேரம் உலகப் பொது நேரமான யு.டி.சி., நம்ம நேரத்துக்கு அஞ்சரை மணி பின்னால. 14-ஆம் தேதி 18:40-ன்னு வந்தா நம்ம ஊர்ல அது 15-ஆம் தேதி நள்ளிரவு தாண்டி 12:10. இதைக் கவனிக்காம 14-ஆம் தேதி சாயங்காலம் நூலகத்துல உட்கார்ந்திருந்த அப்பாவியைக் கூப்பிட்டு விசாரிப்பாங்க.

தரைத்தளம் | 16 ஜூலை 2025, காலை 11:10

நான் நாற்காலி கேட்டேன்.

ரேக்கு ராசா | 16 ஜூலை 2025, காலை 11:25

கைப்பிடி இல்லாதது, ஒன்றன்மேல் ஒன்று அடுக்கக்கூடியது, கால்முனையில் ரப்பர் குமிழ், குமிழில் உதிரி 50. குமிழ் கழன்றால் மொசைக் தரையில் இழுக்கும் கீச்சு இரண்டாம் மாடி வரை கேட்கும். துணி வேண்டாம், நிறம் பற்றிய சண்டையும் தீர்ந்தது.

சத்தம் என்றதும்: கிளாஸ்கோ கலிடோனியன் பல்கலைக்கழகத்தின் சால்டயர் மையம் (2006) கீழ்த்தளத்தில் பேச்சு, மேலே போகப் போக அமைதி என்று தளவாரியாகப் பிரித்தது. நமக்கும் பொருந்தும், ஒரு நிபந்தனையோடு: படிக்கட்டுக் கூண்டு திறந்திருந்தால் அத்தனை பேச்சும் மேலே ஏறும். கீழே ஒரு கதவு போடுங்கள், தானாக மூடும் கதவு. குழு அறைக்குக் கண்ணாடித் தடுப்பு வைத்தால் ஃபால்ஸ் சீலிங்கோடு நிறுத்தாமல் கான்கிரீட் தளம் வரை கொண்டுபோங்கள். சீலிங்குக்கு மேல் திறந்திருந்தால் பக்கத்து அறைப் பேச்சு மேலேறி இந்தப் பக்கம் இறங்கும், கண்ணாடிக்குக் கொடுத்த பணம் வீண்.

ஈற்றெழுத்து | 12 ஆகஸ்ட் 2025, காலை 8:50

இன்று நூலகர் தினம். எல்லா வளாகத்திலும் நூலகவியல் முன்னோடி ரங்கநாதன் படத்துக்கு மாலை விழுந்திருக்கும். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகத்துக்கு வந்த கணிதப் பேராசிரியர் அவர். மாலை போட்ட கையோடு ஓபாக்கில் (நூலகத்தின் கணினிப் பட்டியல்) தமிழில் ஒரு தேடல் போட்டுப் பாருங்கள்.

"கொங்கு" என்று தேடினால் சில நூல் வராது. ஏனென்றால் ஒகரக் குறியை ஒரே எழுத்தாகவும் உள்ளிடலாம், எகரக் குறி, கால் என்று இரண்டாகவும் உள்ளிடலாம். திரையில் ஒன்றுபோலவே தெரியும், கணினிக்கு வேறு. பதிவுகளையெல்லாம் ஒருமுறை என்.எஃப்.சி. என்னும் ஒரே சீரான யூனிகோடு வடிவத்துக்கு மாற்றினால் இது தீரும். தீராதது ஒன்று: "கௌ" எழுத வேண்டிய இடத்தில் "கெ"யும் "ள"வும் தனித்தனியாக அடித்தது. அதற்கு எந்த இயல்பாக்கமும் உதவாது, கண்ணால் பார்த்துத் திருத்த வேண்டும். தமிழ்த்துறை முதுகலை மாணவர்களிடம் பட்டியலைப் பிரித்துக் கொடுங்கள்.

கோஹாவில் தேடுபொறியாக ஸீப்ரா இருந்தால் இயல்புநிலைச் சொல்பிரிப்பு தமிழுக்குச் சரிவராது, பன்மொழிச் சொல்பிரிப்பான ஐ.சி.யூ.வுக்கு மாற்றி அட்டவணையை முழுவதும் மறுபடி கட்ட வேண்டும். இரவில் ஓட விடுங்கள்.

ஆய்வேடுகள் இன்னும் வேடிக்கை. யூனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் தட்டிய தமிழ் ஆய்வேட்டை ஒப்புமைச் சோதனை மென்பொருள் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் பார்க்கும். ஒப்புமை 0 சதவீதம்! 2018-ஆம் ஆண்டு யு.ஜி.சி. விதி 10 சதவீதம் வரை தண்டனை இல்லை என்கிறது, இவர்கள் அதையும் மிச்சம் பிடித்துவிட்டார்கள்.

ரேக்கு ராசா | 12 ஆகஸ்ட் 2025, காலை 9:40

ஆய்வேட்டை நூலகத்தில் பிடித்தால் தாமதம், அதற்குள் கையெழுத்தெல்லாம் விழுந்திருக்கும். யூனிகோடு, தேடக்கூடிய பி.டி.எஃப்., இயல்வாரியாகத் தனிக் கோப்பு, இந்த மூன்றையும் தேர்வாணையர் அலுவலகத்தின் சமர்ப்பிப்புப் படிவத்திலேயே சேர்க்கச் சொல்லுங்கள். ஆய்வேடுகளின் தேசியக் களஞ்சியமான ஷோத்கங்காவுக்கு ஏற்றும்போது இயல்வாரிக் கோப்புதான் தேவை. ஒற்றைக் குறுவட்டில் ஸ்கேன் படமாக வந்தால் நூலகத்தில் ஒருவர் நாள் முழுக்க வெட்டிக்கொண்டிருப்பார்.

பார்வையற்ற மாணவருக்கும் இதே மூன்றுதான் வேண்டும். திரைவாசிப்பு மென்பொருளான என்.வி.டி.ஏ. இலவசம், தமிழும் வாசிக்கும், ஆனால் ஸ்கேன் படத்தை அதனால் அப்படியே வாசிக்க முடியாது, பாமினியை வாசித்தால் பேயோட்டுவதுபோல் இருக்கும்.

சாவிக்கொத்து | 20 ஆகஸ்ட் 2025, இரவு 7:58

இரவு நேரம் பற்றி யாரும் எழுதவில்லை. கூடத்துக்குத் தனி வாசல் வேண்டும், நூல் அடுக்குப் பக்கம் ஷட்டர் இறங்க வேண்டும். அப்போதுதான் இரவில் நூலகப் பணியாளர் இல்லாமல் ஒரு காவலரோடு திறந்து வைக்கலாம். கழிப்பறையும் குடிநீரும் ஷட்டருக்கு இந்தப் பக்கம் வரவேண்டும். வரைபடத்தில் இதை மறந்தால், கட்டிய பிறகு இரவுக்கூடமே பூட்டிக் கிடக்கும். வெளியேற இரண்டு வழி, இரண்டாவது வழியில் பூட்டுக்குப் பதில் உள்ளிருந்து தள்ளித் திறக்கும் கம்பி.

பெண்கள் விடுதிக்கு 8 மணிக்குள் வரவேண்டும் என்றால் "24 மணி நேரப் படிப்புக்கூடம்" என்ற பலகை ஆண்களுக்கு மட்டும்தான். விடுதிக் காப்பாளரை அழைத்து, கூடத்தின் நுழைவுப் பதிவையே அனுமதிப் பதிவாக ஏற்க வையுங்கள். கூடத்திலிருந்து விடுதி வரை விளக்குக் கம்பங்களை எண்ணிப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

தரைத்தளம் | 3 செப்டம்பர் 2025, மாலை 3:15

நான்கு பேர் குழு போட்டாயிற்று, ஒரு பக்கத் தாளில் கையெழுத்தும் ஆயிற்று. ரேக்குகளை மேலே ஏற்ற ஆள் பேசியிருக்கிறோம், இரண்டாம் மாடி வாசிப்பறைக்கு. அடுத்த வாரம்.

ஃபேஸ் டெஸ்டர் | 3 செப்டம்பர் 2025, மாலை 3:22

நிறுத்துங்க. யாராவது சிவில் ஆள் பார்த்தாங்களா?

ரேக்கு ராசா | 3 செப்டம்பர் 2025, மாலை 4:10

முதல் நாளே "இரண்டாம் மாடிக்கு" என்று எழுதியிருந்தீர்கள், நாங்கள் எல்லோரும் பிளக்கைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

வாசிப்பறைத் தளமும் நூல் அடுக்குத் தளமும் ஒரே வலுவில் கட்டப்படுவதில்லை. கட்டடச் சுமைக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875 இரண்டாம் பகுதிப்படி நூல் இல்லாத வாசிப்பறைக்குச் சதுர மீட்டருக்கு 3 கிலோநியூட்டன், நூல் இருந்தால் 4. நூல் அடுக்கறைக்கு 2.2 மீட்டர் உயரம் வரை 6, அதற்குமேல் உயர உயர மீட்டருக்கு 2 கூடும். அதாவது சுமார் 300 கிலோ தாங்க வடிவமைத்த இடத்தில் 600 கிலோவை ஏற்றப் போகிறீர்கள். அதிலும் பைண்டிங் செய்த இதழ்கள் வழவழப்புத் தாள், சாதாரண நூலைவிடக் கனம். தள்ளி நெருக்கும் காம்பாக்டர் ரேக்கு என்றால் நினைக்கவே வேண்டாம்.

பொறியியல் பிரிவிடம் கட்டமைப்பு வரைபடத்தைக் கேளுங்கள். வரைபடம் இல்லையென்றால் வளாகத்திலேயே சிவில் துறை இருக்கும், கான்கிரீட்டையும் கம்பியையும் சோதித்து எழுத்தில் தரட்டும். அதுவரை ஒரு ரேக்கும் மேலே போகக்கூடாது.

தரைத்தளம் | 29 செப்டம்பர் 2025, காலை 10:05

வரைபடம் கிடைத்தது. இரண்டாம் மாடி 4 கிலோநியூட்டன். சுவரோரமாக, உத்தரத்துக்கு நேர் மேலே, 1.2 மீட்டர் உயர ரேக்குகள் மட்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். மூன்றில் ஒரு பங்குதான் ஏறும். மீதி இதழ்களைக் கழித்துவிடலாம் என்கிறது 11 பேர் குழு, "எல்லாம்தான் இணையத்தில் வந்துவிட்டதே" என்று.

மூன்றாவது ஆக்டெட் | 29 செப்டம்பர் 2025, இரவு 11:30

இணையத்துல இருக்கு, நம்ம கையில இல்ல. "ஒரே நாடு ஒரே சந்தா"வுக்கு ஒப்புதலான 6,000 கோடி ரூபாய் 2025, 2026, 2027-க்குத்தான். அதுக்கப்புறம் புதுப்பிச்சா சரி. சந்தாவை நம்பித் தாளைத் தூக்கிப் போடாதீங்க.

ஈற்றெழுத்து | 30 செப்டம்பர் 2025, காலை 7:15

தமிழ் இதழ்களில் ஒன்றுகூட அந்த 13,000-த்தை நம்பிக் கழிக்கக் கூடாது. சிற்றிதழ்கள், துறை வெளியிட்ட பழைய ஆய்விதழ்கள், மாவட்டச் சங்க மலர்கள் எல்லாம் அந்த ஒரு பிரதியோடு முடிந்துவிடும்.

ரேக்கு ராசா | 30 செப்டம்பர் 2025, காலை 10:50

மூன்று கட்டாகப் பிரியுங்கள். தமிழ், இந்திய மொழி இதழ்கள், வேறெங்கும் மின்வடிவம் இல்லாதவை: மாடியில் அந்த மூன்றில் ஒரு பங்கு இடம் இவற்றுக்கு. பதிப்பகமே பின்னிதழ்களைத் திறந்த அணுகலில் விட்டவை: கழிப்புக் குழுவுக்கு, ஒவ்வொரு தொகுதியும் உண்மையிலேயே திறக்கிறதா என்று பார்த்துவிட்டு. ஆண்டு வரம்பு போட்டிருப்பார்கள், நடுவில் ஓட்டை இருக்கும். சந்தாவில் மட்டும் கிடைப்பவை: கழிக்காமல் வேறு கட்டடத்தின் தரைத்தளத்துக்கு. மாணவர் கேட்டால் மறுநாள் எடுத்துத் தருவதாக ஓபாக்கில் இடக்குறியை மாற்றுங்கள்.

தரைத்தளம் | 30 செப்டம்பர் 2025, பகல் 12:20

பழைய தேர்வுக்கூடம் காலியாக இருக்கிறது, தரைத்தளம்தான்.

சாவிக்கொத்து | 30 செப்டம்பர் 2025, பகல் 1:05

கரையான் மருந்து முதலில், ரேக்கு பிறகு. சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள், கீழ்த்தட்டைக் காலியாக விடுங்கள். அந்தக் கட்டடம் தேர்வாணையர் பொறுப்பு, சாவிக்கு அவரிடம் எழுத்தில் கேளுங்கள். நவம்பர் தேர்வுக்கு அந்த இடம் வேண்டும் என்பார். அதைக் கேட்டுவிட்டு லாரி பேசுங்கள்.